அளவெடுத்துத் தைத்த சுருதி

வாடிக்கையாளரைப் பாடவைத்துக் கேட்காமல் சரக்கைக் கொடுப்பதில்லை என்று விரதம் பூண்ட வியாபாரி இப்பூவுலகில் ஒருவரே. அவர் புனேயில், சாங்வியில், எங்களுக்கு நேர் மேல்வீட்டில் குடியிருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். எங்கள் குடியிருப்புத் தமிழர்களுக்கு அவர் ஆறரைக் கட்டை. பாடகர்கள் தொடத் தயங்கும் உச்சச் சுருதி அது. அவர் சாதாரணமாகப் பேசுவதே அதில்தான். போசரித் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் யந்திரங்களுக்கு மேலாகக் கத்தியே பணிக்காலத்தைக் கழித்தவர், ஓய்வுபெற்ற பின்பும் அவை ஓடிக்கொண்டிருப்பதாகவே எண்ணிப் பேசினார். அவர் ரகசியம் சொன்னால் தரைத்தளத்து மராத்தி அம்மாள் வெளியே வந்து, "காய் ஜாலா?" என்று, என்ன ஆயிற்றோ என்ற கலவரத்தோடு விசாரிப்பாள்.

ஓய்வுக்குப் பிறகு அவர் வீடியோக்களைப் பார்த்துக் கணினி நிரல் எழுதக் கற்று, தம்பூராவைப் போல் ஒலிக்கும் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றை உருவாக்கினார். கைப்பேசியின் அதிகாரபூர்வக் கடையில் அது விலைக்கு வந்தது. ஆனால் சில நாடுகளில் அக்கடை விலையுள்ள செயலிகளை விற்பதில்லை. அங்கிருந்த தமிழர்கள் எப்படியோ அவருடைய எண்ணைக் கண்டுபிடித்து அழைக்கத் தொடங்கினார்கள்.

வேறொருவராக இருந்தால் செயலியை அப்படியே அனுப்பிவிட்டுத் தூங்கியிருப்பார். இவர் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டார்.

"கடை இருக்கிற ஊர்க்காரன் ரெடிமேட் எடுத்துக்கிடட்டும் சார். கடையே இல்லாத ஊர்க்காரனுக்கு அளவெடுத்துத்தான் தைக்கணும்."

அதாவது, அழைத்தவர் தொலைபேசியிலேயே பாட வேண்டும். அவர் குரலுக்குப் பொருந்தும் ஒரே ஒரு சுருதியில் செயலி தயாராகி அவரிடம் போகும். ஆப்பிரிக்கச் சுரங்கமொன்றின் கணக்கர் அளவு கொடுத்த நாளில் நான் உடனிருந்தேன்.

"தம்பி, ஒரு 'ஸா' பிடிங்க."

"அண்ணாச்சி, நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"நான் அடுத்தவங்க வீட்டுல இருக்கேன். கூச்சப்படுதேனா?"

கணக்கர் பாடினார். உடனே அங்கே யாரோ ஆங்கிலத்தில் அதட்டினார்கள்.

"மேனேஜரா? அவரையும் ஒரு ஸா பிடிக்கச் சொல்லுங்க. சேத்துத் தைச்சிருவோம்."

இத்தனைக்கும் ஆறரைக் கட்டைக்குச் சுருதியே தெரியாது. தம்பூராவின் ஒலிக்கும் தண்ணீர் மோட்டாரின் ஒலிக்கும் அவர் காது வேற்றுமை பாராட்டியதில்லை. அளவெடுத்தவள் என் மனைவி மைதிலி. வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைப்பார். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பவள், விரல்களை உயர்த்திக் காட்டுவாள். கட்டைக்கு ஒரு விரல்; அரைக் கட்டைக்கு மடித்த சுண்டுவிரல். அவள் நிக்டிக் கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாள் அவர் துணிந்து தாமே தீர்மானித்து, கனத்த குரலுடைய ஒருவருக்குப் பெண்களின் சுருதியைத் தைத்து அனுப்பிவிட்டார். மறுநாள் அந்த மனிதர் மிகுந்த பணிவோடு சொன்னார்:

"பாடினேன் அண்ணாச்சி. ஆம்புலன்ஸ் வருதுன்னு பையன் ஜன்னலுக்கு ஓடிட்டான்."

கல்லூரியில் ஒலியியல் நடத்தியவன் என்ற உரிமையில், அதிர்வெண்ணை அளக்கும் கருவி இருக்கிறதே என்று நான் யோசனை கூறினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மெஷினு அவங்க எங்க பாடுதாங்கன்னு சொல்லும். எங்க பாடினாத் தொண்டைக்குச் சொகம்னு டீச்சர்தான் சொல்லணும்."

பட்டாணியிலிருந்து தலையெடுக்காமல் மைதிலி சிரித்தாள்.

சென்ற மழைக்காலத்தில் அவள் காலமானாள். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. அன்று மாடிப்படியில் நின்று ஆறரைக் கட்டை தாழ்ந்த குரலில் பேசினார். அக்குரல் தாழக்கூடியது என்பதையே குடியிருப்பு அன்றுதான் அறிந்தது. கடை இல்லாத ஊர்களுக்கான தையலை அவர் நிறுத்திவிட்டார். நான் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

விஜயதசமிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கதவைத் தட்டினார். கையில் கைப்பேசி.

"ஒரு நர்ஸம்மா சார். ஊர்ப்பேரு வாய்க்குள்ள நுழைய மாட்டேங்கு. விஜயதசமிக்கு மகளுக்குப் பாட்டு ஆரம்பிக்கணுமாம். அங்க வாத்தியாரும் இல்ல, தம்பூராவும் இல்ல. இவங்களேதான் சொல்லிக்குடுக்கணும். லைன்ல இருக்காங்க."

"எனக்குச் சங்கீதம் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

மறுக்க முடியாத வாதம். கைப்பேசி மேசைக்கு வந்தது. தம் சுருதி ஆறு கட்டை என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டுப் பாடினார். நல்ல குரல். மேல் ஸட்ஜமத்தை, அதாவது உச்ச 'ஸா'வை, எட்டியபோது மட்டும் அதில் ஒரு சிறு சுளிப்பு. அந்தச் சுளிப்பை எனக்குத் தெரியும். ஜலதோஷ நாள்களில் மைதிலியின் குரலில் அது வரும்; உடனே நிறுத்தி, அரைக் கட்டை இறக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குவாள். அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பவன் காதில், அவன் அறியாமலே, அது அத்தனை ஆண்டுகளும் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

நான் ஐந்து விரல்களை உயர்த்தினேன். மறு கையின் சுண்டுவிரலை மடித்தேன்.

ஆறரைக் கட்டை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா, ஆறு வேண்டாம். அஞ்சரைல பாடிப் பாருங்க," என்று செயலியை ஒலிக்கவிட்டார். அந்தப் பெண்மணி பாடினார். மேல் ஸட்ஜமம் சிரமமின்றி வந்து நின்றது. பின்னாலிருந்து ஒரு சிறுமியின் குரல், யாரும் சொல்லாமலே, அதைப் பிடித்துக்கொண்டது.

"இது சொகமா இருக்கு அண்ணாச்சி."

"அப்படிப் போடுங்க," என்றார் அவர், பழைய உச்சத்தில். கீழே கதவு திறந்தது. "காய் ஜாலா?" ஒன்றுமில்லை, பாட்டுதான் என்று பால்கனியிலிருந்து நான் மராத்தியில் பதில் சொன்னேன். நெடுநாளைக்குப் பிறகு அந்த அம்மாளிடம் நான் பேசியது அன்றுதான்.

அதன்பின் ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் எங்கள் மேசையில் பாடுகிறார். ஒரு முறை அவரிடம் கேட்டேன்: "கடையில் விற்கும் செயலியில் வாங்குகிறவரே சுருதியைத் தேர்ந்துகொள்கிறாரே. இவர்களுக்கும் அப்படியே கொடுத்துவிடலாமே?"

அவர் தேநீரை ஊதிக்கொண்டே யோசித்தார்.

"குடுக்கலாம் சார். அப்புறம் எந்தச் சாக்குல நான் கீழ வாரது?"

நான் மறுபடி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் தாழிடுவதும் இல்லை.