அடைப்புக்குறி ஆசாமி

அடைப்புக்குறி ஆசாமி என்று ஒரு ரகம் இருக்கிறது. சி மொழியில் புரோகிராம் எழுதும் எந்த அலுவலகத்திலும் ஒருவராவது அகப்படுவார். மேக்ரோ என்பது அங்கே ஒரு சுருக்கெழுத்து. அதன் பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் முழு வாசகத்தையும் கணினி அப்படியே ஒட்டிவிடும். யோசிக்கவே யோசிக்காது. 'தொகை' என்ற பெயருக்கு 2+3 என்று எழுதி, அதை நான்கால் பெருக்கச் சொன்னால் இருபது வராது, மூன்றை மட்டும் பெருக்கிப் பதினான்கு வரும்; (2+3) என்று அடைப்புக்குறி போட்டால்தான் இருபது. நம்மவர் இளமையில் அந்தப் பதினான்கில் சூடுபட்டவர். அன்றிலிருந்து எண்ணுக்கு அடைப்புக்குறி, எழுத்துக்கு அடைப்புக்குறி, அடைப்புக்குறிக்கு அடைப்புக்குறி, அத்தனையையும் சேர்த்துக் கட்ட வெளியே இன்னொன்று! வீட்டுச் சாமான் பட்டியலைக்கூட விட்டுவைப்பதில்லை.

"தக்காளிக்கு எதுக்குங்க வேலி? ஓடியா போகப்போகுது?" என்பார் மனைவி.

"பாதுகாப்பும்மா, பாதுகாப்பு!"

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் மாத்திரை தரும் இயந்திரம் ஒன்று தயாரானது. பொத்தானை அழுத்தினால் ஒரு மாத்திரை விழ வேண்டும். நான்கு மணிக்கு மருத்துவர்கள் பார்க்க வருகிறார்கள். மூன்று மணிக்கு, சோதித்துப் பார்க்கும் பெண்மணி ஓடிவந்தார்.

"சார், ஒண்ணு கேட்டா ரெண்டு விழுது! இதய நோயாளிக்குக் குடுக்கிறது சார், ஆளே போயிடுவாங்க!"

"எங்கயோ அடைப்புக்குறி விட்டுப்போச்சு" என்று நம்மவர் எட்டு போட்டார். இரண்டு விழுந்தது. மேலும் பன்னிரண்டு போட்டார். அப்போதும் இரண்டு. மணி மூன்றே முக்கால்.

பெண்மணி தாமே உட்கார்ந்து படித்தார். இரண்டு எண்களில் பெரியதைச் சொல்லும் மேக்ரோ ஒன்று அங்கே இருந்தது. அதனிடம் நம்மவர், 'மாத்திரையைத் தள்ளி, இதுவரை எத்தனை என்று சொல்' என்ற கட்டளையையே கொடுத்திருந்தார். கணினி அதை ஒப்பிட ஒருமுறை ஒட்டியது, விடை சொல்ல மறுமுறை ஒட்டியது. ஒட்டிய ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை விழுந்தது, அடைப்புக்குறிக்குள், வெகு பத்திரமாக!

பெண்மணி மேக்ரோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, கொடுத்த கட்டளையை ஒரே ஒருமுறை மட்டும் நடத்தும் சாதாரண ஃபங்ஷன் ஒன்றை நாலே வரியில் எழுதினார்: முதலில் தள்ளு, எண்ணிக்கையைக் குறித்துக்கொள், பிறகு ஒப்பிடு. டொக். ஒன்றே ஒன்று விழுந்தது! பக்கத்து மேசையில் இருந்த நான் எழுந்து ஆடாத குறை.

நம்மவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அந்த எண்ணைச் சுத்தி ஒரு..."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இன்று காலை வாசல் கதவைப் பூட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்து, பெருமையாகப் படி இறங்கினீர்களே, பின்கதவைச் சாத்தினீர்களா?