பசும்பால் ஆணா, பெண்ணா?

ஜனவரி 8, புதன்கிழமை. காலை 8.45-க்கு அலுவலகக் கதவைத் திறந்தேன். நாட்காட்டியில் தாளைக் கிழித்தேன். கோப்பி கலக்கினேன். முந்தைய நாள் மொழிபெயர்த்த சொற்களை அகராதியோடு இரண்டு முறை ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. அப்படித்தான் நினைத்தேன்.

பினாங்குத் தீவு முழுவதிலும் நாசி கண்டாரைக் குழம்பு ஊற்றாமல் வாங்கும் ஒரே மனிதர் எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தார். சோற்றின் மேல் நாலு குழம்பை வெள்ளமாக ஊற்றுவதுதான் நாசி கண்டார். இவரோ கடையில் நின்று "குவா அசிங்!" என்பார். மலாயில், குழம்பு தனியாக. நாலு குழம்பும் நாலு பையில் வர வேண்டும்.

"தம்பி, இது நாசி கண்டாரா, லேப் டெஸ்டா?" என்று கடைக்காரர் ஒருநாள் பொங்கிவிட்டார். "எங்க அத்தா பார்த்தா அழுவாரு லா!"

அன்றிலிருந்து அவர் பெயர் அசிங். புதிதாக வருபவர்கள் யாரையோ திட்டுகிறோம் என்று பயப்படுவார்கள்.

நாங்கள் வலைச் செயலிகள் செய்யும் நாலு பேர். அசிங் நிரல் எழுதுவார். நான் தமிழ், மலாய்ச் சொற்களைப் பார்ப்பவள். அசிங்கின் வேதம் ஒன்றே: "முகம் வேற, மூளை வேற." திரையில் தெரியும் பக்கம் ஒரு கோப்பில் இருக்க வேண்டும், சரிபார்ப்பதும் பதிவதும் வேறு கோப்பில். ஒருமுறை எங்கள் பாஸ், பக்கத்தின் நடுவில் நாலு வரி கணக்கை எழுதிவிட்டார். அசிங் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "பாஸ், யாரு வீட்டு அடுப்புல யாரு சமைக்கிறது?"

"காட்டுறதுக்கு வெறும் மாதிரிப் பக்கம் லா இது! நாளைக்குத் தூக்கிப் போடப் போறோம். எல்லாத்தையும் ஒண்ணா கொட்டு!"

"மாதிரிதான் பாஸ் நூறு தடவை மாறும்."

சொந்த வாழ்க்கையிலும் அப்படியே. பெண் பார்க்கும் முன்பே கல்யாணப் பத்திரிகையை வடிவமைத்து, "மணமகள் பெயர் இங்கே" என்று இடம் விட்டு வைத்திருந்தார். புக்கிட் மெர்தாஜாமில் பெண் அமைந்ததும் ஒரே நிமிடத்தில் பத்திரிகை தயார். எனக்கு வந்த பிரதியில் மட்டும் "மணமகள் பெயர் இங்கே" என்றே இருந்தது. அந்தப் பெண் இன்றும் அதைச் சொல்லியே அவரை மிரட்டுகிறாள்.

அந்தப் புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு கோயில் நிர்வாகக் குழுவின் முன் உட்கார்ந்தோம். தைப்பூசப் பால்குடப் பதிவுக்கான மாதிரியைக் காட்ட வேண்டும். பதினொரு மணிக்கு வேறொரு கம்பெனி வருகிறது. இந்த வேலை கைவிட்டுப் போனால் சீனப் புத்தாண்டுக்குப் பிறகு அலுவலகம் திறக்காது என்று பாஸ் காரிலேயே சொல்லிவிட்டார்.

செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தானே நிரப்பிப் பார்ப்பதாகச் சொன்னார். பெயர் எழுதினார். அடையாள அட்டை எண் எழுதினார். அடுத்த பெட்டியில், நான் இரண்டு முறை சரிபார்த்த சொல்: "பால்".

அவர் யோசிக்கவே இல்லை. "பசும்பால்" என்று தட்டினார்.

திரை சிவந்தது: "தவறு. ஆண் அல்லது பெண் என்று மட்டும் எழுதவும்."

"பசும்பால்ல ஆண் எப்படிம்மா வரும்?" என்றார் செயலாளர்.

"காளை மாட்டைக் கறந்து பார்த்தீங்களா?" என்றார் பொருளாளர். அறையே அதிர்ந்து சிரித்தது. தலைவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாஸின் முகம் வெளுத்தது. "ஒரு வாரத்துல சரி பண்ணிடலாம்ங்க..."

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அப்போது அசிங் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"அக்கா, இது முகம். உங்க பக்கம். நீங்களே மாத்துங்க."

"எனக்குக் கோடிங் தெரியாதே தம்பி!"

"இதுல கோடிங்கே இல்லக்கா. தமிழ்தான் இருக்கு."

பார்த்தேன். உண்மைதான். ஆங்காங்கே சில அடைப்புக்குறிகள், மற்றதெல்லாம் என் சொற்கள். "பால்" என்பதை அழித்து "ஆணா, பெண்ணா?" என்று எழுதினேன். சேமித்தேன். திரையில் உடனே மாறியது. செயலாளர் "ஆண்" என்று எழுத, பதிவாகிவிட்டது.

அப்புறம் யாருக்கும் பொறுமையில்லை. "எழுத்தைப் பெரிசாக்கும்மா!" ஆக்கினேன். "மலாய்ல ஒரு வரி வேணும்!" போட்டேன். "மஞ்சள் கலர்!" அதையும் செய்தேன். இருபது நிமிடத்தில் ஏழு மாற்றம்; பதிவு ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசியில் பொருளாளர், "என்ன பால்னு கேட்கவும் ஒரு பெட்டி வைங்களேன்" என்றார்.

"அதைப் பதியணும், அது மூளை," என்றார் அசிங். "என் வேலை. நாளைக்குத் தர்றேன்."

தலைவர் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போடு லா. வர வேணாம்னு சொல்லிடு."

காரில் ஏறியதும் பாஸ் அசிங்கைக் கட்டிப்பிடித்தார். அசிங்கோ, "பாஸ், நீங்க வேற, நான் வேற" என்று விலக்கிவிட்டார்.

மறுநாள் வியாழன், காலை 8.45. கோப்பிகூடக் கலக்காமல், முதல் வேலையாக அந்தப் பக்கத்தின் கோப்பைத் திறந்து, திரையில் யாருக்கும் தெரியாத, கோப்பைத் திறப்பவருக்கு மட்டும் தெரியும் குறிப்பாக ஒரு வரி எழுதிச் சேமித்தேன்: "இந்தப் பக்கத்தை எழுதியது நான். எழுத இடம் விட்டது என் தம்பி."