ஹாலந்தில் வேட்டுக்காரர் போட்ட சண்டை

வேட்டுக்காரரைப் போல மரியாதையாகத் திட்டுகிற மனிதர் பூலோகத்தில் இன்னொருவர் பிறந்திருக்க மாட்டார். "ஏனுங்க, உங்களுக்கு மூளை கீளை இருக்குதுங்களா?" என்பார். 'ங்க'வுக்குச் சந்தோஷப்படுவதா, மூளைக்குக் கவலைப்படுவதா என்று தெரியாமல் எதிராளி விழிப்பான்.

சூலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர். நூறடிக் கிணற்றில் மாதம் ஒருமுறை பாறைக்கு வேட்டு வைப்பார். கல் வரும், புகை வரும், தண்ணீர் மட்டும் வராது. பெயர் வந்தது அப்படித்தான். மூன்று வருஷம் மழை பொய்த்ததில் அவர் கட்டுத்தறியில் பதினோரு மாடு செத்தது. மிஞ்சியது ஒரு ஜோடிக் காங்கேயம் காளை. அடுத்த ஐப்பசிக்குள் கிணறு ஊறாவிட்டால் அதையும் சந்தைக்கு ஓட்டிவிட்டு, பயிர் செய்வதையே விட வேண்டியதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு மில்லில் மெக்கானிக். மெஷின் பார்க்க முதலாளி என்னைச் சீமைக்கு அனுப்பினார். வேட்டுக்காரர் அவருடைய மைத்துனர். "மச்சான் பம்பு பாக்கோணுமாம், கூட்டிட்டுப் போ கண்ணு" என்று முதலாளி அவரை என் தலையில் கட்டிவிட்டார். வேலை முடிந்து, ஊர் திரும்பும் கப்பலுக்கு முன் ஹாலந்தில் சுற்ற மூன்று நாள் கிடைத்தது. வாடகைக் காரும், அரைகுறை இங்கிலீஷ் பேசும் டிரைவரும் பிடித்தோம். என் ஆயுசிலேயே எனக்கென்று கிடைத்த லீவு அந்த மூன்று நாள்தான். அதை அந்த மனுஷர் நாசமாக்கினார். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ராட்டர்டாமில் படகுக்காகப் பாலத்தைத் தூக்கினார்கள். கார் நின்றது. இவர் இறங்கிப் போய்ப் பாலத்துக்காரனைப் பிடித்துக்கொண்டார். "தண்ணியில போறவனுக்கு வழி உடறதுக்கு, ரோட்டுல போறவன் நிக்கோணுமுங்களா?" ஆம்ஸ்டர்டாமில் வீதிக்கு வீதி வாய்க்கால். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் ஏறியது. "இத்தனை தண்ணிய வெச்சுட்டு ஒருத்தரும் ஒரு வாழைக்கன்னு வெக்கலீங்களே!" சித்திரசாலை வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன். "வெளியவே நல்லாத் தெரியுதுங்க, போலாங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் நாட்டுப்புறம். மேடு பள்ளமே இல்லாத பச்சை. குளிருக்குச் சட்டை மாட்டிய மாடுகள் மேய்ந்தன. "எங்கூட்டு மாடு கஞ்சித்தண்ணி இல்லாமச் செத்துது. இங்க சட்டை கேக்குதுங்க!" என்று மாட்டையும் திட்டினார். ஒரு காற்றாலை சுழன்று, வயல் தண்ணீரை இறைத்து மேட்டு வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தது.

"இது எங்கீங்க போகுது?"

டிரைவரிடம் கேட்டுச் சொன்னேன். "கடலுக்கு."

அவ்வளவுதான். கால்சராயோடு சேற்றில் குதித்தார். மரச் செருப்போடு ஓடிவந்த விவசாயியிடம், "ஏனுங்க, நீங்க சோறுதான் திங்கறீங்களா? தண்ணியத் தூக்கிக் கடல்ல கொட்டறீங்களே, வெளங்குவீங்களா? நிறுத்துங்க!" என்று சுழலும் இறக்கையைப் பிடிக்கப் போனார். நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "பைத்தியமுங்களா உங்களுக்கு? கை போயிருமுங்க!" என்று நானும் கத்தினேன்.

விவசாயிக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. வேட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், கையைப் பிடித்துத் தன் தொழுவத்துக்கு அழைத்துப் போனார். சுவரில் என் தலைக்கு மேலே ஒரு கோடு. ஒருமுறை கடல் கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது தண்ணீர் நின்ற உயரம் என்றான் டிரைவர். கடலைவிடத் தாழ்ந்த நிலமாம், இறைக்காவிட்டால் மூழ்கிவிடுமாம். விவசாயி மாடு கட்டும் முளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்பது. ஒன்பதும் கயிற்றோடு மூழ்கிப் போனவையாம்.

வேட்டுக்காரர் பத்து விரலை விரித்துக் காட்டினார். பிறகு இன்னொரு விரல். தொண்டையைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினார்.

காரில் ஏறியதும், "பம்பு பாக்க வேண்டாமுங்களா?" என்றேன்.

"அது தண்ணி இருக்கறவங்களுக்குங்க" என்றார்.

ஊர் வந்ததும் நேரே மாரியம்மன் கோயிலுக்கு என்னை இழுத்துப் போனார். ஆத்தாளையும் விட்டுவைக்கவில்லை. "ஏனுங்க ஆத்தா, உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா? அங்க ஹாலந்துல கொட்டற மழைய நிறுத்திப்போட்டு இங்க கொட்டுங்க. அந்த மனுஷரு மாட்டுக்கு ஒண்ணும் ஆகப்படாது, ஆமா!"

ஐப்பசியில் மழை கொட்டியது. கிணற்றில் ஆறடி ஏறி, காளைகள் தப்பின. மறுநாளே மில் வாசலில் சிடுசிடுவென்று வந்து நின்றார். "ஏனுங்க, சும்மாதான உக்காந்திருக்கறீங்க? அங்க மழை நின்னுபோச்சான்னு ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க." முனகிக்கொண்டே அந்த டிரைவருக்கு எழுதிப்போட்டேன்.

அவர் காலமாகி வெகு நாளாகிறது. இப்போது என் லீவைக் கெடுக்க ஆளில்லை. நானும் எங்கேயும் போவதில்லை.