கருப்பசாமி முன்னால் வைத்த பிளேடு

எங்கள் ராஜபாளையத்தில் ஐஸ் என்றால் ரெண்டே ரெண்டுதான். ஒன்று, சர்பத் கடைக்காரர் சாக்கில் சுற்றி வைத்து உடைக்கிற கட்டி. இன்னொன்று, வீட்டில் யாராவது போய்ச் சேர்ந்தால் வேனில் வந்து இறங்குகிற கண்ணாடிப் பெட்டி. மூன்றாவதாக ஒரு ஐஸ் இருக்கிறது, அதன்மேல் ஜிகினாச் சட்டை போட்டுக்கொண்டு ஓர் ஆம்பிளைப் பையன் சுழன்று சுழன்று குதிக்கலாம், அதற்கு உலக அளவில் போட்டியெல்லாம் உண்டு என்று ஊருக்குத் தெரிவித்த பெருமை என்னையே சேரும். அந்த மூன்றாவது ஐஸில்தான் நான் செத்தேன். பதினெட்டு வயசில், நேரடி ஒளிபரப்பில்.

(சாகவில்லை என்று அம்மா உடனே திருத்துவாள். "ஒன் வாயில ஒரு நல்ல வார்த்தை வராதாடா?")

ஆரம்பம் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில். அங்கே சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்கச் சேர்ந்தேன். சேர்ந்த இடத்தில் கொஞ்சம் நன்றாகவே வந்துவிட்டது. மாநிலப் போட்டி ஒன்றில் டில்லிப் பக்கத்துப் பயிற்சியாளர் அம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "இந்தப் பையனை ஐஸில் இறக்கணும்" என்றார். அப்பா பேண்டேஜ் துணி மில்லில் பிட்டர். ஐஸில் இறக்குவது என்றால் என்ன என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது. ஆனாலும், "போய்ட்டு வாலே" என்று அனுப்பிவிட்டார்.

டில்லிப் பக்கம் ஒரு மாலுக்குள் இருந்த ஐஸ் தளத்தில் பழகினேன். இரண்டு வருஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. லீவுக்கு ஊருக்கு வந்தால் கழுத்தை நிமிர்த்தி, கால் நுனியை வெளியே திருப்பித்தான் நடப்பேன். உடம்பு வாகு கெட்டுப்போய்விடக் கூடாதாம். பஸ் ஸ்டாண்டில் பயல்கள், "ஏலே முத்து, கழுத்துல சுளுக்கா?" என்று கேட்டார்கள். கலை தெரியாத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பையனை எங்கேயாவது பார்த்தால் நானே பிடரியில் ஒன்று போடுவேன்.

அப்புறம் அந்த ஐரோப்பாப் போட்டி வந்தது. ஜூனியர் பையன்களுக்கான சர்வதேசப் போட்டி. அதில் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால், உலக ஜூனியர் போட்டிக்குப் போகலாம். எடுக்காவிட்டால் அவ்வளவுதான். அந்த வருஷத்தோடு எனக்கு ஜூனியர் வயசு முடிகிறது. சீனியரில் என்னை யாரும் சீண்டப் போவதில்லை. எனக்கு இருந்தது அந்த ஒரே வாசல்தான். டில்லியில் அதே மதிப்பெண்ணைப் பயிற்சியில் பல தடவை எடுத்திருந்தேன், அதனால் மிதப்பு வேறு.

புறப்படுவதற்கு முன்னால் ஊருக்கு வந்தேன். அதுவரைக்கும் ஸ்கேட்ஸ் ஐஸ் தளத்து அலமாரியிலேயே கிடக்கும். அந்தத் தடவைதான் முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவந்த என்னைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குலசாமி கருப்பசாமி, பிளவக்கல் அணைக்குக் கீழே இருக்கிறார். வீட்டிலிருந்து யார் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போனாலும், தொழிலுக்கான சாமானை அவர் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டுதான் போவார்கள். இரும்பாக இருந்தால் சாணை பிடித்துத்தான் வைக்க வேண்டும். மொட்டை இரும்பை அவர் முன்னால் நீட்டினால் அவமரியாதை.

"கடல் தாண்டிப் போற. ஆயுதத்தைச் சாமி முன்னால வைக்காமலா போவ?" என்றாள் அம்மா.

"அம்மா, அது ஆயுதம் இல்லை. ஸ்கேட்ஸ்."

"எல்லாம் ஒண்ணுதேன்."

மறுநாள் என் பழைய பள்ளிக்கூடத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் மைக்கைப் பிடித்து, விடாமுயற்சி பற்றி நீளமாகப் பேசினேன். (கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னை மன்னிக்கட்டும்.) அந்த நேரத்தில் அப்பா என் ஸ்கேட்ஸை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, செட்டியார்பட்டி ரோட்டிலிருந்த அரிவாள் பட்டறைக்குப் போயிருக்கிறார். நான் நேரே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேட்ஸ் சிவப்புத் துணியில் சுற்றி, மேலே எலுமிச்சம்பழத்தோடு கருப்பசாமி காலடியில் இருந்தது. பூசாரி எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஆட்டத்துல எறங்குற எடத்துலதான் பிரிக்கணும். நடுவுல பிரிக்கப்படாது."

நான் பிரிக்கவில்லை. பெற்றவர்கள் பேச்சை, பூசாரி பேச்சை நான் வாழ்க்கையிலேயே ஒழுங்காகக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் பயிற்சி. உடை மாற்றுகிற அறையில் உலகத்துப் பையன்களெல்லாம் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பயபக்தியோடு சிவப்புத் துணியைப் பிரித்தேன். எலுமிச்சம்பழம் உருண்டு ஒரு கஜகஸ்தான் பையன் காலடிக்குப் போனது. அவன் எடுத்துக் கொடுத்தான். அதை வாங்கத் தோன்றாமல் நான் பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்கேட்ஸ் பிளேடின் முன்முனையில் பல் பல்லாக இருக்கும். அதை ஐஸில் குத்தித்தான் பாதிக் குதிப்புகளுக்கு எழும்ப முடியும். எந்தக் குதிப்பாக இருந்தாலும் இறங்கும்போது முதலில் ஐஸைத் தொடுவதும் அந்தப் பல்தான். பிளேடின் அடியில் நீளவாட்டில் ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். அதனால்தான் இரண்டு விளிம்பு கிடைக்கும், உடம்பைச் சாய்த்துத் திரும்ப முடியும்.

என் பிளேடில் பல் இல்லை. ஒன்றுகூட இல்லை. முன்முனை மொழுமொழு என்று பளபளத்தது. அடியில் பள்ளமும் இல்லை, நட்ட நடுவில் ஒரே கூர். எலுமிச்சம்பழத்தை வைத்திருந்தால் தானாகவே ரெண்டாக விழுந்திருக்கும். அப்படி ஒரு சாணை.

அங்கே பிளேடு பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பயிற்சியாளர் அம்மா மொழிபெயர்த்தார்: "இதை எந்த மிருகம் செய்தது என்று கேட்கிறார்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவர்தான் அடிப் பள்ளத்தை மறுபடி போட்டுத்தர வேண்டியவர், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். பள்ளத்தைப் போட்டுத் தந்தார். பல்லுக்கு வழியில்லை, என் பூட்ஸுக்குப் பொருந்துகிற வேறு பிளேடும் அவரிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஊரே அடைத்துக் கிடந்தது. கஜகஸ்தான் பையன் தன் பழைய ஸ்கேட்ஸைக் கொடுத்தான். என் கால் நுழைய வேண்டுமென்றால் விரலை வெட்ட வேண்டும். செத்த நேரம் அதையும் யோசித்தேன்.

அப்போதுதான் அப்பா போன் செய்தார்.

"ஏலே முத்து, ஐஸ்ல எறங்கிட்டியா? பிளேடு எப்படிப் போகுது?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. என்னத்தைப் பண்ணி வச்சிருக்கீங்க என்று ஊரே கேட்கிற மாதிரிக் கத்தப் போனேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

"பையில இருந்து எடுத்துப் பாத்தேன்யா. முன்னாடி பூராவும் ஒடைஞ்சு, பல்லு பல்லாக் கெடந்துச்சு. அதை வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா ஆடுன? அப்பாகிட்டச் சொன்னா வாங்கித் தரமாட்டான்னு நெனச்சுட்டியா? எனக்கு மனசே ஆறலய்யா. பட்டறையில பக்கத்துலயே நின்னு, ஒரு பிசிறு இல்லாம வழிச்சு வாங்குனேன். பொறவுதான் சாமிகிட்ட வச்சோம்."

குரல் உடைந்துவிட்டது. அப்பா அழுது அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. மில்லில் மிஷின் கையைக் கடித்து நகம் போனபோதுகூட, டீ குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்.

"சூப்பரா இருக்குப்பா," என்றேன். "வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது."

(பொய் இல்லை. நிறுத்தத்தான் முடியவில்லை.)

மறுநாள் என் பெயரையும் நாட்டையும் அறிவித்தார்கள். நீலச் சட்டையில் அம்மா கைப்பட வைத்துத் தைத்த ஜிகினா மினுங்க, நான் நடுவில் போய் நின்றேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு டிவியில் போனை இணைத்து, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பல் இல்லாமலே எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று கடைசி வரைக்கும் நம்பினேன். இளமை என்பது இதுதான் போலிருக்கிறது.

இசை ஆரம்பித்தது. முதல் குதிப்பு. பின்னால் வேகமாகப் போய், வலது கால் முனையை ஐஸில் குத்தினேன். குத்த என்ன இருக்கிறது? கால் தன்பாட்டுக்குப் போனது. நான் வயிற்றில் விழுந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, நடுவர்கள் உட்கார்ந்திருந்த மேசை வரைக்கும் வழுக்கிக்கொண்டே போய் நின்றேன். ஓர் அம்மையார் எட்டிப் பார்த்தார்.

அதே சமயம் ராஜபாளையத்தில் எதிர் வீட்டு ராஜு மாமா எழுந்து கை தட்டியிருக்கிறார். "பாத்தீயளா! மொதல்ல பெரியவுகளுக்குச் சாஷ்டாங்கமா நமஸ்காரம் பண்ணுதான். எங்க போனாலும் நம்ம பய நம்ம பயதான்!" தெருவே கை தட்டியது. அப்பாவும் தட்டியிருக்கிறார்.

எழுந்தேன். அடுத்த குதிப்பு, மறுபடி நமஸ்காரம். இந்தத் தடவை ராஜபாளையத்தில் கைதட்டல் கொஞ்சம் குறைவு. மூன்றாவது முறை யாரும் தட்டவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். சுழல வேண்டிய இடத்தில் சுழற்சி நிற்காமல் ஓரத்துப் பலகையில் போய் மோதினேன். தாடை கிழிந்து ரத்தம். இசை மட்டும் வெட்கமே இல்லாமல் கடைசி வரைக்கும் பாடிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் முடித்தேன் என்று ஞாபகம் இல்லை. கடைசி இடம் கிடைத்தது. அதைக் கிடைத்தது என்று சொல்லலாமா தெரியவில்லை.

கழிப்பறைக்குள் உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். வாழ்க்கையில் எனக்கு ஒழுங்காக வந்த ஒரே காரியம் அதோடு முடிந்துபோனது. அது எனக்கும் தெரிந்திருந்தது.

டில்லி திரும்பியதும் ஸ்கேட்டிங் சங்கத்து அதிகாரி ஒருவர் கூப்பிட்டு விசாரித்தார். பயிற்சியாளர் அம்மா காலையிலிருந்தே என் காதைக் கடித்துக்கொண்டிருந்தார்: "பிளேடு விஷயத்தைச் சொல்லு. யார் செய்தது, எப்படிச் செய்தது எல்லாம் சொல்லு. இன்னொரு வாய்ப்புக் கேட்டு வாங்கிவிடலாம்." அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் சொன்னால் பத்திரிகையில் வரும். எங்கள் ஊரில் பத்திரிகையில் வந்தது டீக்கடைக்கு வரும், டீக்கடைக்கு வந்தது மில் வாசலுக்கு வரும்.

"பயந்துட்டேன் சார்," என்றேன்.

"இம்புட்டுதானா?" என்கிற மாதிரி பார்த்தார். அதோடு என்னை யாரும் கூப்பிடவில்லை. வீட்டிலும் அதையேதான் சொன்னேன். தியாகம் கியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பல மாதம் அப்பா முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். அதைவிட, அவர் என்னைத் தேற்றுகிற அழகு இருக்கிறதே! "பயம் யாருக்குத்தான்யா இல்ல? விடு." அந்த ஒரு வார்த்தைக்கு நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

கொஞ்ச காலம் ஆனதும் 'சாஷ்டாங்கம்' எங்கள் வீட்டுக் கதையாகிவிட்டது. எந்த விசேஷமானாலும் அப்பாதான் சொல்லுவார். "எம் மவன் வெள்ளைக்காரன் கால்ல விழுந்து கும்புட்டுட்டு வந்தவன்" என்று ஆரம்பித்து, இருமல் வருகிற வரைக்கும் சிரிப்பார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகளுக்குச் சக்கர ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டேன். வயிற்றுப்பாட்டுக்குக் குறைவில்லை.

போன வருஷம் அப்பா மில்லிலிருந்து ஓய்வு பெற்றார். பொழுது போக போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மத்தியானம் ஐஸ் ஆட்டம் ஒன்று ஓடியது. ஒரு பையன் காலைத் தூக்கிப் பிடித்தான். அப்பா படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினார். அடுத்த பையன் வந்தான், நிறுத்திப் பெரிதாக்கினார். இன்னொருத்தன்.

"ஏலே," என்றார், "எல்லாப் பயலோடதும்ல ஒடைஞ்சிருக்கு."

அவர் ஜன்மம் பூராவும் மிஷினோடு இருந்தவர். அந்தப் பல் எதற்கு என்று புரிய அவருக்கு இன்னொரு குதிப்பு போதுமானதாக இருந்தது.

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"பொறவு ஏம்லே சொல்லல?"

"சொன்னா பல்லு மொளைக்கவா போகுது?" என்றேன். அவரைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அந்தக் கதையை அவர் சொல்லவில்லை.

போன தை மாசம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்மாமா மகள் கல்யாணம். மண்டபத்தில் சொந்தமெல்லாம் வட்டமாக உட்கார்ந்திருக்க, மாமா ஆரம்பித்தார்: "மச்சான், அந்தச் சாஷ்டாங்கக் கதையைச் சொல்லுங்க, புது மாப்பிள்ளை கேக்கட்டும்."

அப்பா எழுந்து நின்றார். பொன்னாடை போர்த்தப்போகிறவரைப் போல நின்றார்.

"அவன் பயப்படல," என்றார். "நாந்தேன் பட்டறையில கொண்டுபோயி பல்லு பூராவையும் வழிச்சுட்டேன். ஒடைஞ்சிருக்குன்னு நெனச்சேன். அவன் யாருகிட்டயும் சொல்லல."

மஞ்சப்பை, பட்டறை, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மண்டபமே அதிர்ந்தது. "அப்படிப் போடு மச்சான்!" என்று மாமா தொடையைத் தட்டினார். மாப்பிள்ளைக்குப் புரையேறியது. அத்தைமார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பழைய கதைக்கு அப்பா புதுசாக ஒரு நகாசு வைக்கிறார் என்றே எல்லாரும் நினைத்துவிட்டார்கள். அவர் மாத்திரம் கண் சிவந்து, கையைப் பிசைந்துகொண்டு, என்னையே பார்த்தபடி நின்றார்.

இப்போது வீட்டுக்கு வீடு ஓடுவது இந்தக் கதைதான். தாய்மாமா எங்கே போனாலும் அப்பாவைச் சொல்ல வைக்கிறார். அப்பாவும் மாட்டேன் என்பதில்லை, தண்டனை மாதிரி எழுந்து நின்று சொல்கிறார். சொல்லி முடித்ததும் யாரையும் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். கூட்டத்திலேயே சத்தமாகச் சிரிப்பது நான்தான். ஒரு தடவை, ராஜு மாமா வீட்டு வளைகாப்பில், போன் பார்த்துக்கொண்டிருந்து சிரிக்க மறந்துவிட்டேன். அன்றைக்கு அவர் பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.