கீச்சுப் பேய்க்கு எண்ணெய்க் காப்பு

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையில் பேய்கள் பெருகிவிட்டன. பழைய பேய்கள் புளியமரத்தில் இருந்தன. இவை புதிய ரகம், சக்கரத்தில் இருக்கும். பிரேக்கை மிதித்தால் ‘கீச்’ என்று அழும். காலை எடுத்தால் நிறுத்திவிடும். அவ்வளவு ஒழுக்கமான பேய்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் நல்லையா சாமி. போன வருடம்வரை பதுளையில் கைத்தொலைபேசி உறை விற்றவர். திடீரென்று ஒருநாள் சவுக்குமர வளைவில், முனியாண்டி கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு அமர்ந்தார். அந்த வளைவில் விழுந்து செத்தவர்கள் போகிற வருகிற வண்டிகளில் தொற்றிக்கொள்கிறார்கள், அவர்களுடைய அழுகைதான் அந்தச் சத்தம் என்று அறிவித்தார். ஒலிபெருக்கி வைத்து அறிவித்ததால் அது உண்மையாகிவிட்டது.

எங்கள் மலைப்பாதை ஓட்டுநர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவுக் கோயிலைக் கண்டால் நிறுத்துவார்கள். சூடம் கொளுத்துவார்கள். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் பள்ளத்தில் இறங்குவார்கள். பழம் வைக்கக் குனிகிறவர் அப்படியே கொஞ்சம் தலையைத் திருப்பினால் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் தேய்ந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒருவரும் திருப்புவதில்லை. பக்தி கலைந்துவிடும்.

சாமி பழத்திலிருந்து ஒரு படி மேலே போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் வளைவுக்கு இருபுறமும் வண்டிகள் வரிசையாக நிற்கும். சாமி லொறி டயர்களை அடுக்கி, புலித்தோல் அச்சடித்த துணி விரித்து அதன்மேல் இருப்பார். தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய ஸ்டியரிங் வளையம், ஒளிவட்டம் மாதிரி. பீடத்தை விட்டு இறங்கினால் சக்தி போய்விடுமாம். அதனால் வேலையெல்லாம் சீடர்களுடையது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க் என்கிற அந்த இரும்புத் தட்டில் பித்தளைச் செம்பிலிருந்து வேப்பிலையால் எண்ணெய் பூசுவார்கள். அதற்குப் பெயர் எண்ணெய்க் காப்பு. பிறகு வண்டியை முன்னும் பின்னும் உருட்டி மிதிக்கச் சொல்வார்கள். சத்தம் வராது. கூட்டம் கும்பிடும். தட்சிணைத் தட்டு நிறையும்.

சத்தம் எப்படி வரும்? உரசுகிற இடத்தில் எண்ணெய் விட்டால் கதவுக் கீலும் வாயை மூடும். கதவுக்கு அது நல்லது. பிரேக் உரசுவதற்கென்றே இருக்கிற சாமான். இரண்டு வாரம் முதலாவது கியரில் ஊர்ந்து இறங்கி, எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் பேய் திரும்ப வரும். ஓட்டுநரும் தட்சிணையுடன் திரும்ப வருவார். இப்படி ஒரு வியாபாரம் உறை விற்பதில் கிடையாது.

தினுஷன் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க். அவனுடைய கார் அவனைவிட மூத்தது. அப்பா விட்டுப்போனது. மனைவி நிரோஜா என்னோடு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளுக்கு நிறைமாதம். வலி வந்தால் பதுளை ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் இறங்க வேண்டும். காரோ ஒரு மாதமாக ஒவ்வொரு வளைவிலும் அலறிக்கொண்டிருந்தது.

நான் தினுஷனிடம் விளக்கினேன். பேட் தேய்ந்து முடியப் போகும்போது டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே பேட்டில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள், கத்துவது அதுதான், பேட்டை மாற்று என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, அந்த வளைவில் அவனுடைய பெரியப்பா விழுந்து செத்த கதையைச் சொன்னான். நான் படித்த விஞ்ஞானத்தில் பெரியப்பா இல்லை.

என் மனைவி தவறி இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. தினுஷனும் நிரோஜாவும் வளைவுக்குக் கூட வரச்சொன்னார்கள், போனேன்.

நாங்கள் போனபோது தங்கராஜா ஒலிவாங்கியில் பேசிக்கொண்டிருந்தார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன் அவருடையது. எண்ணெய்க் காப்பு செய்த மறுநாள் பிரேக் பிடிக்காமல் வேன் தேயிலைக்குள் பாய்ந்ததாம். நல்லவேளையாகப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு. கை முறிந்ததோடு போயிற்று, சாமி எண்ணெய் பூசியிராவிட்டால் உயிரே போயிருக்கும் என்று சொல்லிக் கட்டுப் போட்ட கையால் கும்பிட முயன்றார். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் என் கண்ணாடியைத் துடைத்தேன். பனி.

தினுஷனின் முறை வந்தது. சீடர்கள் முன் சக்கரங்களைக் கழற்றினார்கள். சாமி கண்ணை மூடி, ஆவி ஆண் என்றும் வயது ஐம்பதுக்கு மேல் என்றும் கண்டறிந்தார். தினுஷன் “பெரியப்பா” என்று முனகினான். எண்ணெய் தாராளமாக வழிந்தது. காரை உருட்டினார்கள். மிதித்தான். பெரியப்பா வாயைத் திறக்கவில்லை.

சாமி என்னையும் விடவில்லை. “தம்பி முகத்துல அவசரம் தெரியுது. வீட்டுல அம்மா தேடுவாங்க, வெள்ளனத்தோட போய்ச் சேருங்க” என்றார். அம்மா என்றது மனைவியை.

“தேடினா சந்தோஷம்தான் சாமி” என்றேன்.

ஞானக்கண் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தது.

நிரோஜா சிரிக்கவில்லை. அதுவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வயிற்றைப் பிடித்தபடி இருந்தவள் எழுந்தாள்.

“சாமி, பேய் போயிருச்சுங்களா?”

“போயிருச்சு மகளே. பயமில்லாம இறங்கலாம்.”

“அப்ப முன் சீட்டுல நீங்க உக்காருங்க. பசறை வரைக்கும் போதும். இவரு ரெண்டாவது கியர்லயே ஓட்டுவாரு. திரும்ப பஸ்ல ஏத்தி விடுறோம்.”

கூட்டத்தில் யாரோ நல்ல யோசனை என்றார்கள். சாமியே கூட வந்தால் புண்ணியம் என்று இன்னொருவர் சொன்னார். இப்படிப்பட்ட நேரத்தில் பக்தர்கள்தான் ஆபத்தானவர்கள்.

“பீடத்த விட்டு நான் நகரக் கூடாதும்மா.”

“சரிங்க. அப்ப அந்த வேன் யாரோடது?”

கொட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. சாமியுடையது. நிரோஜா என்னைப் பார்த்தாள்.

“சேர், எனக்குக் குனிய முடியாது. அந்தச் சக்கரத்துக்குள்ள என்ன தெரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க. சத்தமா.”

குனிந்து, சக்கரத்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். டிஸ்க் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. பேட் சுண்டுவிரல் பருமன், கடையிலிருந்து நேற்று வந்ததுபோல. எண்ணெய் துளிகூட இல்லை. சத்தமாகச் சொன்னேன்.

“ராத்திரி பகலா இந்த வளைவுலயே நிக்கிற வேன்” என்றாள் நிரோஜா. “இதுல மட்டும் ஒரு பேயும் ஏறலையா சாமி? சீட்டு சரியில்லையா?”

சிலர் சிரித்தார்கள். சாமி தன் வேனில் உருவேற்றிய தகடு இருப்பதாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அது நல்லதுதான், ஆனாலும் பாதுகாப்புக்கு மேலே கொஞ்சம் எண்ணெயும் இருக்கட்டும், சாமிக்கு நாங்கள் செய்யாவிட்டால் யார் செய்வார்கள் என்றாள். சொல்லிக்கொண்டே சீடனின் கையிலிருந்து செம்பை வாங்கிவிட்டாள். நிறைமாதப் பெண்ணிடமிருந்து பிடுங்க அவனுக்குத் துணிவில்லை. அவள் மெதுவாக, வாத்துமாதிரி, வேனை நோக்கி நடந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு முன்சக்கரத்து ஓட்டைக்கு நேரே செம்பைச் சரிக்கப் போனாள்.

பீடத்தை விட்டு இறங்காத நல்லையா சாமி அப்போது இறங்கினார். இறங்கினார் என்பது சரியில்லை. டயர்கள் நான்கு பக்கமும் உருள, புலித்தோல் காலில் சுற்ற, பாய்ந்து வந்தார்.

“ஊத்தாத! பிரேக் புடிக்காது!”

ஒலிவாங்கி இன்னும் தங்கராஜாவின் கையில் இருந்தது. சாமி அதற்குப் பக்கத்தில்தான் கத்தினார். அருள்வாக்கு எதிர் மலைத் தொழிலாளர் லயம்வரை கேட்டது.

வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தன் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தார். தங்கராஜா தன் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியிலேயே கேட்டார்.

“அப்ப என்னயக் காப்பாத்துனது எது?”

“தேயிலைச் செடி அண்ணே” என்றாள் நிரோஜா. “அதுக்கு ஒரு கும்புடு போடுங்க.”

சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தட்சிணைத் தட்டைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. போட்டவர்கள் போட்டதைவிட அதிகமாக எடுத்தார்கள் என்று கேள்வி. சாமியின் வேன் மட்டும் அன்று மிக நன்றாக ஓடியது. வளைவில் அழகாகப் பிரேக் பிடித்துத் திரும்பியதை எல்லோரும் பார்த்தோம்.

எங்கள் கார் அங்கேயே நின்றது. எண்ணெய் குடித்த பிரேக்கோடு அதை யார் இறக்குவது? நிரோஜாவை பஸ் ஏற்றிவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

மறுநாள் பேட்டையும் டிஸ்க்கையும் கழற்றி எடுத்துக்கொண்டு தினுஷனும் நானும் பதுளையில் இப்றாஹீம் நானாவின் உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். எண்ணெய் ஊறிய பேட்டைக் கழுவிப் போடலாமா என்று தினுஷன் கேட்டான். நானா அவனை இரக்கத்தோடு பார்த்தார். பழைய பேட்டையும் டிஸ்க்கையும் வாங்கி அளந்தார். அதற்குக் கீழே தேயக் கூடாது என்று டிஸ்க்கின் விளிம்பிலேயே ஓர் அளவு வெட்டியிருந்தது. எங்களுடையது அதைத் தாண்டிப் பல காலம். இவ்வளவு நாளும் அது அங்கேயே எழுதியிருந்தது, எங்களில் ஒருவரும் வாசிக்கவில்லை.

மேசையில் இரண்டு பெட்டி வைத்தார். ஒன்று பளபளப்பு, தங்க எழுத்து. தினுஷனின் கை தானாக அதற்குப் போனது.

“பெட்டியவா தம்பி சக்கரத்துல மாட்டப் போறீங்க?” என்றார் நானா.

திறந்து காட்டினார். தங்கப் பெட்டிக்குள் இருந்த பேட்டில் ஓரம் உதிர்ந்திருந்தது, இரும்பும் பேட்டும் ஒட்டிய இடத்தில் நகம் நுழைந்தது, எந்த இலக்கமும் இல்லை. மற்றதில் ஓரம் சுத்தம், வெடிப்பு இல்லை, தயாரித்தவன் தன் பெயரையும் இலக்கத்தையும் இரும்பில் பொறித்திருந்தான். இந்த இறக்கத்தில் சூடு தாங்குவது அதுதான் என்றார். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் டிஸ்க்கோடு சேர்த்து மாற்றுங்கள், முதல் சில நாள் பிரேக்கை மெதுவாக மிதித்துப் பழக்குங்கள் என்றும் சொன்னார்.

தினுஷன் கடைசியாக ஒன்று கேட்டான். எப்போதும் சத்தமே போடாத பேட் இருக்கிறதா?

“இருக்கு” என்றார். “சொல்லாமக் கொள்ளாமத் தீந்து போகும். வேணுமா?”

கத்துகிற தகடு வைத்ததையே வாங்கி மாட்டினோம்.

அடுத்த வாரம் மழைக்குள் வலி வந்தது. தினுஷன் ஓட்டினான். நான் பின்னால். சவுக்குமர வளைவில் மண் சரிந்து பாதி வீதியை மூடியிருந்தது. தினுஷன் மிதித்தான். கார் நின்றது. பேய் அழவில்லை. நிரோஜா மட்டும் கத்தினாள். அது பேய் இல்லை என்று காரில் இருந்த எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று தாதி சொன்னார். நான் இன்னொரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

நல்லையா சாமி இப்போது வேறு பாதையில் இருக்கிறாராம். பிரேக்கை விட்டுவிட்டார். காருக்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பழுதைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தால் அது கண்திருஷ்டியாம். அந்த விளக்கை மறைத்து ஒரு சந்தனப் பொட்டு வைக்கிறார். விளக்கு உடனே தெரியாமல் போகிறதாம். அங்கேயும் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன.

வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொட்டு வைக்க நெற்றி இருக்கிறது. அதற்கு உள்ளே இருப்பதையும் சில சமயம் பயன்படுத்தலாம்.