கறுப்பு மணலும் இரவல் கோட்டும்

புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் வீட்டுக்குப் போகிற வாத்தியாருக்கு ஆயுள் கெட்டி. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதையாவது செய்து காட்டியே தீரவேண்டும் என்ற அரிப்பு பிறவியிலேயே உண்டு. எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் நடத்தியபோது அது முற்றிவிட்டது.

அப்போது நான் தற்காலிக ஆசிரியர். (வருகைப் பதிவேட்டில் என் பெயரைப் பென்சிலில் எழுதியிருந்தார்கள். சத்தியமாக.) கல்வி அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வருகிறார், அவர் என் வகுப்பைப் பார்த்துவிட்டு எழுதுவதைப் பொறுத்துத்தான் நான் நீடிப்பதும் மூட்டை கட்டுவதும் என்று தலைமையாசிரியர் சொன்னார்.

"தம்பி, வெப்பம் நடத்து. ஸ்டவ் இருக்கு, தண்ணி இருக்கு. கொதிச்சா போதும், வேலை உறுதி."

அலைகள் நடத்தியிருந்தாலும் ஒரு தாம்பாளம் தண்ணீரோடு முடிந்திருக்கும். கேட்டேனா? கதிரியக்கம்தான் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

திட்டம் என்னவோ பிரமாதம். மாமல்லபுரம் கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் கறுப்பு மணலில் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. வெளிச்சம் படாத போட்டோ காகிதத்தைக் கறுப்புத் தாளில் சுற்றி, மேலே ஒரு சாவி, அதற்கும் மேலே மணல். கதிர் தாளைத் துளைத்துக்கொண்டு போய்க் காகிதத்தைக் கருக்கும். சாவி மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று சாவியைப் படம் பிடித்துத் தரும்!

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், பை நிறைய மணல் அள்ளினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் என்னையே பார்த்தார்.

"இன்னா சார், மண்ண அள்ளிகினு போற? வூடு கட்டறியா?"

"இந்த மண்ணுல சக்தி இருக்கு அண்ணாத்த."

"நாங்க தெனம் இதுமேலதான் படுத்துகினுகீறோம். ஒரு சக்தியும் வர்ல."

காகிதத்துக்குக் காதர் பாய் இருந்தார். பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த நண்பர். அந்த வாரம்தான் அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, பெண் வீட்டாருக்கு அனுப்ப மாப்பிள்ளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். (தாலுக்காவில் பாதி மாப்பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குள் நின்றவர்கள்தான். முதுகுப் பக்கம் நாலு துணி கிளிப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்னால் பார்த்தால் கலெக்டர்.) நான் போன நேரம் மின்வெட்டு. பாய் டீக்கடைக்குப் போயிருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லை. சிநேகித உரிமையில் இருட்டறைக்குள் தடவிக்கொண்டே போய், பெட்டியில் மேலாக இருந்த காகிதத்தை உருவிக் கறுப்புத் தாளில் சுற்றினேன். படம் கழுவும் மருந்து பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாயிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்தும் போனேன்.

சாவியும் மணலும் மூன்று நாள் அந்தக் காகிதத்தின் மேல் இருந்தன.

ஆய்வு நாள். ஜன்னலெல்லாம் கம்பளி. டார்ச்சு முகத்தில் சிவப்புக் காகிதம்; சிவப்பு வெளிச்சம் மட்டும்தான் போட்டோ காகிதத்தைக் கெடுக்காது. நாற்பது பிள்ளைகளோடு அதிகாரியும் தலைமையாசிரியரும் பெஞ்சில் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும் தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது. வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும்!" என்று எச்சரித்துவிட்டுக் காகிதத்தை மருந்துத் தட்டில் நழுவவிட்டேன்.

அடியில் மெல்லக் கறுப்பு படர்ந்தது. "அதோ! கதிர் வேலை செய்கிறது!" என்று கூவினேன். கறுப்பு இரண்டு பக்கமும் சரிந்து தோள் மாதிரி ஆயிற்று. நடுவில் ஒரு பட்டை இறங்கியது.

முன் பெஞ்சுக் கன்னியம்மா தட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சார், சாவி கோட்டு போட்டுகினுகீது சார்."

அடுத்து ஒரு மீசை வந்தது.

"அய்ய! நீங்கோ சார்!"

பாய் என் படத்தை அந்தக் காகிதத்தில் பதித்து, மருந்தில் போடப் போன சமயம் கரண்டு போயிருக்கிறது. மருந்து படும்வரை பதித்த காகிதமும் வெற்றுக் காகிதம் மாதிரிதான் இருக்கும். சிவப்பு விளக்கு அணைந்ததும் அதைப் பெட்டியில் மேலாக வைத்துவிட்டு டீக்குப் போயிருக்கிறார். இது எனக்கு விளங்குவதற்குள் கோட்டு, டை, அசட்டுச் சிரிப்பு எல்லாம் முழுதாக வந்துவிட்டன.

"ஏன் சார்," என்றார் அதிகாரி இருட்டிலிருந்து, "உங்க கதிர் வகிடு எடுத்துத் தலை வாரிக்கிட்டுதான் வெளியே வருமா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் முனகினார். வேலை போயிற்று என்று தீர்மானித்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? காகிதம் சுட்டதிலிருந்து அத்தனையையும் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப மண்ணு ஒண்ணுமே பண்ல. இல்ல சார்?" என்றாள் கன்னியம்மா.

"மூணு நாள் பத்தாதும்மா. மாசக்கணக்கா வைக்கணும்" என்று அதிகாரியே பதில் சொன்னார்.

"வெளிச்சம் ஒரு நொடியில செய்யறத மண்ணு மெதுவா செய்யுதா? நெறைய மண்ணு கொட்டினா சீக்கிரம் ஆவுமா?"

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "சுடுதண்ணி வெச்சா கருக்குமா சார்?" என்றான். இன்னொருவன் சாவிக்குப் பதில் கையை வைக்கலாமா என்றான். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அதிகாரியின் குறிப்பைத் தலைமையாசிரியர் மறுநாள் காட்டினார்: 'செய்முறை தோல்வி. மாணவர்கள் கேள்வி கேட்கிறார்கள். ஆசிரியர் மழுப்புவதில்லை. தொடரலாம்.' இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை கண்ணீர் மறைத்தது.

காதர் பாய்தான் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "உன் மூஞ்சிய நீயே திருடிகினு போய்ட்டு, என்னைத் தேடவுட்டு பேஜாரு பண்ணிட்டியே சார்!" ஆனாலும் இன்னொரு காகிதம் தந்தார். பிள்ளைகள் அதன்மேல் சாவியும் மணலும் வைத்து, முறை போட்டுக் காவல் காத்தார்கள். பரீட்சைக்கு முன்னால் எல்லோருமாகக் கழுவிப் பார்த்தோம். மங்கலாக ஏதோ தெரிந்தது. அதைச் சாவி என்று நம்பக் கொஞ்சம் பக்தி வேண்டும். நாற்பது பேருக்கும் இருந்தது.

அந்த நாற்பதும் என் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிட்டு முடித்த கையோடு, மணப்பெண்ணிடம் முழுக் கதையையும் நடித்தே காட்டிவிட்டுப் போயின. இத்தனை வருஷம் கழித்து இன்றும், எங்கேயாவது கிளம்பும்போது நான் கண்ணாடி முன்னால் கொஞ்சம் தாமதித்தால் போதும், என் மனைவி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"யாரும் லைட்டப் போட்டுடாதீங்க. தாத்தா இப்பதான் மெதுவா தெரிய ஆரம்பிச்சிருக்காரு!"