இறங்க ஒரு சுவர்

உட்கார்ந்திருக்கும்போது என்னைவிட உயரமான ஆண்பிள்ளை அந்தக் காலத்துக் கண்டியில் இருந்ததில்லை. எழுந்து நின்றால்தான் சிக்கல். இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். இடுப்புக்கு மேலே ஆண்டவன் தாராளமாகத் தந்துவிட்டான். கீழே வந்தபோது கொஞ்சம் கையைச் சுருக்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பகல் முழுக்க வாப்பாவின் புடவைக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருப்பேன். கடை அடைத்ததும் சைக்கிள் பைத்தியம் பிடித்த நாங்கள் சிலர் வாவியைச் சுற்றி ஓட்டிவிட்டு, கரைச்சுவரில் வரிசையாக உட்காருவோம். பேச்சு முழுக்க எங்கள் உடம்பைப் பற்றித்தான். யாருடைய தொடை என்ன தடிப்பு, யாருடைய கை எட்டுமளவுக்கு ஹேண்டிலை எவ்வளவு முன்னால் தள்ளலாம், யாருக்கு எந்த அளவு பிரேம் பொருந்தும். (பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கமாட்டார்கள்.)

எங்கள் தலைவர் நல்லதம்பி. யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். ஆளில் முக்கால்வாசி கால்தான்.

"சைக்கிள் ஓடுறது நெஞ்சாலை இல்லை ஐசே, காலாலை," என்பார். "கால் நீளமெண்டால் பிரேம் பெரிசு. பிரேம் பெரிசெண்டால் வேகம். வேறை ஒண்டுமில்லை."

இப்படிச் சொல்லிவிட்டுச் சுவரில் இருந்தவர்களை வரிசையாகப் பார்த்தார். எல்லார் தலைக்கும் மேலே என் தலை தெரிந்தது.

"ஹமீது, உம்மடை உயரத்துக்கு நீர் வைச்சிருக்கிறது விளையாட்டுச் சாமான். உமக்கு ஒரு ரேசிங் சைக்கிள் வேணும்."

நான் நின்று அவர் பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. நான் எப்போதும் முதல் ஆளாக வந்து உட்காருவேன், கடைசி ஆளாக எழும்புவேன். மற்ற நேரமெல்லாம் சைக்கிளில்தான். (தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள்.)

இந்த நேரத்தில் என் கல்யாணமும் தொங்கலில் இருந்தது. உம்மாவின் நானா, அதாவது என் மாமா, அலவத்துகொடையில் கராம்பும் மிளகும் வாங்கி விற்பவர். அவருடைய மகள் சபியாவை எனக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். இப்போது மாமா இழுத்தடித்தார். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டேன். ஆர்மோனியத்தைப் பாதியில் விட்டேன். மாமாவின் கடையிலேயே வேலை பழகப் போய் அதையும் பாதியில் விட்டேன்.

"தங்கச்சி, உன்ட மகன் தொட்ட ஒண்டையும் முடிச்சதில்ல," என்று உம்மாவிடம் சொல்லிவிட்டார். "கல்யாணத்தையும் பாதியில உட்டா நான் என்னா செய்ற?" மாத்தளையிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனதாகவும் கேள்வி.

சபியாவை விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. கண்டியிலிருந்து ஒரு பந்தயம் ஓடலாம் என்று வாவிக்கரையில் பேச்சு வந்ததும், அதை அலவத்துகொடைச் சந்தியில், மாமாவின் கடைவாசலில் முடிக்கலாம் என்று சொன்னது நான்தான். அவர் கண்முன்னால் ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும்.

அலுவலாகக் கொழும்புக்குப் புறப்பட்ட நல்லதம்பி, "கால் அளவைச் சொல்லும், சைக்கிளோடை வாறன்," என்றார். கடைத் தையல்காரரிடம் அளவெடுக்கச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கால்சட்டை போட்டதில்லை, எல்லாருக்கும் சாரம்தான், லுங்கி மாதிரி. எங்களுக்குக் கால் என்றால் சாரம் தொடங்கும் இடத்திலிருந்து சாரம் முடியும் இடம்வரை. சாரத்தை நாங்கள் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டி, அகலமான வாரைப் போட்டு இறுக்குவோம். தையல்காரர் வாரிலிருந்து பாதம்வரை அளந்தார். கால் எங்கே பிரிகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அளவைக் கேட்ட நல்லதம்பி குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"என்னைவிடவும் நீளமோ?" என்றார்.

"இருக்கும்," என்றேன் அடக்கமாக.

சைக்கிள் வந்தது. கறுப்பு நிறம், வளைந்த கொம்பு ஹேண்டில், அப்படி ஒரு அழகு! அதன் மேல்தண்டு என் நெஞ்சுக்கு நேரே நின்றது. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் பெடல் கீழே போகும்போது என் காலை விட்டுப் போய்விட்டது. பந்தயச் சைக்கிளாதலால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். கால் எட்டாதென்று அது காத்திருக்கப்போவதில்லை. வேறு யாராவது திருப்பி அனுப்பியிருப்பார்கள். நானோ, வீட்டில் தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் இடத்தில் கிடந்த மரமிதியடிகளைப் பெடல்களில் கட்டினேன். (உம்மா அவற்றை ஒரு கிழமையாகத் தேடினார்.) கால் எட்டியது. ஏறுவதற்கு மட்டும் ஒரு சுவர் வேண்டும். இறங்குவதற்கும் ஒரு சுவர் வேண்டும். சுவர் உள்ள ஊரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பந்தயம் வாவிக்கரைச் சுவரோரம் தொடங்கியது, எனக்கு வசதியாக. நல்லதம்பி முன்னால் பறந்தார். நான் ஒவ்வொரு மிதிக்கும் சீட்டில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஆடிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில் போனேன். கட்டுகஸ்தோட்டையில் வழி அடைபட்டிருந்தது. ஆற்றில் குளித்த யானைகளை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள். எல்லாரும் பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றி நின்றார்கள்.

எனக்கு ஊன்றக் கால் ஏது? நின்றால் விழுவேன். கண்ணை மூடி, பிஸ்மி சொல்லி, ஒரு யானைக்குப் பின்னாலும் இன்னொன்றுக்கு முன்னாலும் நுழைந்தேன். ஈரவால் ஒன்று கன்னத்தில் அறைந்தது. கண்ணைத் திறந்தபோது முன்னால் வெறும் ரோட்டு. அக்குறணை ஏற்றத்திலும் நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் ஏறியிருக்க முடியாதே!

அலவத்துகொடைச் சந்தியில் சனக்கூட்டம். சிவப்புத் துருக்கித் தொப்பியோடு கடைவாசலில் மாமா நின்றார். முடிவிடத்தில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு நானே முதலாவதாகப் போனேன். போனவன் போய்க்கொண்டே இருந்தேன்.

சந்தியில் கைக்கு எட்டும்படி ஒரு சுவர்கூட இல்லை. கடைவாசல் நெடுகப் பாய் விரித்துக் கராம்பு காயப்போட்டிருந்தார்கள். திரும்பி வந்து சந்தியைச் சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். நல்லதம்பி வந்து சேர்ந்தார். மற்றவர்கள் வந்து, தேத்தண்ணீரும் குடித்தார்கள். நான் சுற்றிக்கொண்டிருந்தேன். வெற்றிக் களிப்பு என்று நினைத்துச் சனம் கை தட்டியது.

"இன்னும் களைக்கல்ல பாருங்க, என்ட மருமகன்!" என்றார் மாமா. அவர் என்னை மருமகன் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அந்த ஆனந்தத்திலேயே விழுந்துவிடப் பார்த்தேன்.

அப்போது கடைக்குள் திரைக்குப் பின்னாலிருந்து சபியாவின் குரல் கேட்டது.

"வாப்பா, மச்சானுக்கு எறங்க ஏலாம ஈக்குது. போய்ப் புடிங்க!"

மாமா ரோட்டுக்கு வந்து அசையாமல் நின்றார். நான் மெதுவாக அவர் தோளைப் பிடித்தேன். தோள் வந்தது, மாமாவும் கூடவே வந்தார். நாங்கள் இருவரும் சைக்கிளோடு கராம்புப் பாயில் போய் விழுந்தோம். தொப்பி தனியாக உருண்டது.

சனம் சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி, தொப்பிக்குள்ளிருந்த கராம்பைத் தட்டினார். மாத்தளைக்காரன் வென்றுவிட்டான் என்றே நினைத்தேன். மாமா பெடலில் கட்டியிருந்த மிதியடியைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"கால் எட்டாத சைக்கிள்ளயா கண்டியிலேந்து வந்த?"

"ஓம் மாமா."

"எடையில எறங்கவே இல்லையா?"

"எறங்கினா ஏற ஏலா மாமா."

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? இவன் முடிச்சிட்டுத்தான் உழுந்திருக்கான்!"

வேறு இடம் பார்க்கச் சொல்லி மாத்தளைக்கு அன்று பின்னேரமே ஆள் போனது. நல்லதம்பி மட்டும் என் பக்கத்தில் வந்து, மேலிருந்து கீழே நெடுநேரம் பார்த்தார். "ஐசே," என்றார் மனமுடைந்து, "நீர் இவ்வளவுதானோ?"

கல்யாணப் படத்தில் நான் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன், பார்க்கிறவர்கள் நல்ல உயரமான மாப்பிள்ளை என்கிறார்கள். வீட்டில் எந்தப் பேச்சிலாவது நான் பிடித்த பிடியை விடாமல் நின்றால், "வாப்பாவுக்கு ஒரு செவரு கொண்டு வாங்க, எறங்கட்டும்," என்று பிள்ளைகளைக் கூப்பிடுவாள் சபியா. இப்போது பேரப்பிள்ளைகளும் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

முழங்கால் வலி வந்தபிறகு கதிரையிலிருந்து எழும்பவும் எனக்கு ஒரு பிடி தேவைப்படுகிறது. நான் கூப்பிடமாட்டேன், அவளாகவே வந்து தோளைக் காட்டுவாள்.

"புடிங்க," என்பாள். "என்ட வாப்பாவ உழுத்தின மாதிரி என்னயும் உழுத்திடாதீங்க."